கழன்ற கோடாலி

கோடாலியின் இரும்பு காம்பை விட்டுக் கழன்று பறந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த நல்லம்மையின் காதோரமாகப் போய் வேலியில் விழுந்தது.

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

விறகு வெட்டிக்கொண்டிருந்த மருதையன் வெறுங்காம்போடு நின்றார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். கோபத்தை விடுவதற்காகத்தான் இங்கே வந்திருந்தார்.

“டேய் இடும்பா!”

காம்பு போட்டவன் இடும்பன், இன்னொரு சீடன். தொழுவத்திலிருந்து ஓடி வந்தான்.

“ஒரு காம்பு ஒழுங்காப் போடத் துப்பில்ல, உனக்கெல்லாம் ஞானம் ஒரு கேடா? அம்மா தலை போயிருக்கும்டா!”

இடும்பன் வாயைத் திறந்தான்.

“பேசாத. பேசினா இந்தக் காம்புதான் பேசும்.”

இடும்பன் விறுவிறுவென்று உள்ளே போனான். வேட்டி துண்டை மூட்டையாகச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

“போகட்டும்,” என்றார் மருதையன். “அவன் போகலைன்னா நான் போறேன். நீங்க முடிவு சொல்லுங்கம்மா.”

நல்லம்மை வேலியோரம் கிடந்த இரும்பை எடுத்து வந்தார். “முதல் வெட்டு யார் வெட்டினது?”

காம்பு போட்டவன்தான் முதலில் வெட்டிப் பார்க்க வேண்டும். அது வரை வேறு யாரும் அந்தக் கோடாலியைத் தொடக் கூடாது. அந்த ஆசிரமத்தில் அப்படி ஒரு வழக்கம்.

மருதையன் கையிலிருந்த காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடும்பன் பேசினான்.

“இன்னும் இறுகலை, பொறுங்கன்னேன். விறகு வெட்ட நல்ல நேரம் பாக்கணுமான்னு கேட்டுட்டுப் பிடுங்கிட்டுப் போனாரும்மா.”

“பிடுங்கினா குடுத்துடுவியா?” என்றார் மருதையன்.

“உங்ககூட மல்லுக்கு நிக்கச் சொல்றீங்களா?”

“பாருங்கம்மா, எப்படி எதுத்துப் பேசுறான்!”

நல்லம்மை இரும்பை மருதையனிடம் நீட்டினார். “நீங்களே மாட்டுங்க.”

மருதையன் காம்பைத் தரையில் ஊன்றி, இரும்பை அதன் தலையில் செருகி, சுத்தியலால் இரும்பின் மேல் அடித்தார். அது கோணலாக இறங்கியது, அசைத்தால் ஆடியது. மறுபடி அடித்தார். பொறி பறந்தது.

“இவன் செதுக்கின லட்சணம் இது!”

இடும்பன் சிரித்துவிட்டான். பிறகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். மருதையன் இன்னும் ஓங்கி அடித்தார்.

“நிறுத்துங்க!” நல்லம்மை அப்படிக் கத்தி மருதையன் கேட்டதில்லை. “இரும்பு உங்களை என்ன பண்ணுச்சு?”

“வேற எதை அடிக்கிறது?”

“தலைகீழாப் பிடிங்க. இரும்பு கீழ தொங்கட்டும்.”

அவர் பிடித்தார். நல்லம்மை ஒரு கட்டையை எடுத்து, அவர் கைக்குச் சற்று மேலே, காம்பின் நுனியில் அடித்தார். அடி அவர் உள்ளங்கைக்குள் இறங்கியது. கீழே, யாரும் தொடாத இரும்பு காம்பில் ஏறியது. மறுபடி அடித்தார். இன்னும் ஏறியது. அடிக்க அடிக்க அது நேராகி, ஆடாமல் இறுகியது.

மருதையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார் போகணும்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா.”

“கை வலிக்குதா?”

“வலிக்குது.”

“இரும்பை அடிச்சப்போ?”

“வலிக்கலை.”

இடும்பன் வாசலைத் தாண்டிவிட்டான்.

நல்லம்மை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“வலி ஆறுறதுக்குள்ள அவனைக் கூப்பிடுங்க.”