மன்னர் விரட்டிய காக்கைகள்

செண்டலங்கார மன்னர் ஊர்மக்கள் எல்லோருக்குமென்று ஒரு பூங்கா அமைத்தார். காக்கைகள் வந்தன; மக்கள் வரவில்லை.

காரணம், பூங்கா அதிகாரி உத்தண்டியார் வாசலில் நட்டுவைத்த பலகை. ‘புல்லில் உட்காரக் கூடாது. பேசக் கூடாது. தின்னக் கூடாது. சிரிக்கக் கூடாது. மீறுவோர் யாராயினும், பொழுது சாயும்வரை இங்கே காக்கை விரட்ட வேண்டும்.’

மன்னரின் கோபமோ அமைச்சர் குழைக்காதர்மேல் பாய்ந்தது.

“வெள்ளிக்கிழமை நான் வரும்போது நெசவாளர், மீனவர், குயவர் என எல்லாத் தெருவினரும் அங்கே இருக்க வேண்டும், ஓய்.”

“பலகையை எடுத்துவிட்டால் வருவார்கள், மன்னா. நெசவாளர் பாவு நூலை நீட்ட நிழல் கேட்கிறார்கள். மீனவப் பெண்கள் உட்கார்ந்து பேச இடம் கேட்கிறார்கள்.”

“புல் நசுங்கிவிடும், மன்னா” என்றார் உத்தண்டியார்.

“பலகை இருக்கட்டும். ஒரு விதியும் மீறப்படக் கூடாது. தவறினால், உமது அமைச்சர் தலைப்பாகை உத்தண்டியார் தலைக்குப் போய்விடும்.”

அன்று மதியம் குழைக்காதருக்குச் சோறு இறங்கவில்லை. பேசாமல், உட்காராமல், தின்னாமல் நிற்க எந்த மனிதனால் முடியும்? மனிதனால் முடியாதுதான் என்று தோன்றியவுடன் பசி திரும்பிற்று; இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பூங்கா நிறைய ஆட்கள். ஒருவரும் அசையவில்லை.

“என்ன ஒழுக்கம்” என்று பூரித்தார் உத்தண்டியார்.

தோளில் வலையோடு நின்ற மீனவரிடம் மன்னர் சென்றார். “மீன்பாடு எப்படி அப்பா?”

பதில் இல்லை.

“பேசக் கூடாது என்பது விதி, மன்னா” என்றார் குழைக்காதர்.

“பாவம், உட்காரவாவது சொல்லும்.”

“அதற்கும் விதி இருக்கிறது.”

அப்போது ஒரு காக்கை இறங்கி, மீனவரின் மூக்கைக் கொத்திக்கொண்டு பறந்தது. மூக்கு, கத்தரிக்காய். முகம், வைக்கோல். அத்தனை பேரும் சோளக்கொல்லைப் பொம்மைகள்.

மன்னர் சிரித்தார். சிரித்துச் சிரித்து நிற்கமாட்டாமல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குழைக்காதர் தொண்டையைச் செருமினார். “பொம்மைகள் ஒரு விதியையும் மீறவில்லை, மன்னா. சிரித்துப் புல்லில் உட்கார்ந்தவர் ஒருவர்தாம். ‘யாராயினும்’ என்று உத்தண்டியார்தான் எழுதியிருக்கிறார்.”

உத்தண்டியாருக்கு வியர்த்துவிட்டது. மன்னரோ சொல் தவறாதவர். “எங்கே ஒரு கம்பு?” என்று எழுந்தார்.

மன்னர் காக்கை விரட்டுகிற செய்தி ஊருக்குள் ஓடிற்று. தறிகள் நின்றன. வலைகள் கரையிலேயே கிடந்தன. குயவர்கள் ஈரக் கையோடு வந்தார்கள். எல்லாத் தெருவும் பூங்காவுக்குள் புகுந்து, புல்லில் அமர்ந்து, சுண்டல் தின்று, பேசிச் சிரித்தது.

“அந்தக் கிளையில இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு, மகராசா” என்று ஒரு மீனவப் பெண் கைகாட்டினாள்.

உத்தண்டியார் ஓடிவந்தார். “மன்னா, ஊரே விதியை மீறுகிறது. எல்லோருக்கும் தண்டனை தர வேண்டும்.”

“தரலாம்” என்றார் குழைக்காதர். “அதற்கு நம் நாட்டில் காக்கை போதாதே.”

மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. பலகையை அப்போதே பிடுங்கி, கால் பொருத்தி, மர நிழலில் உட்காரப் போடச் சொன்னார். பிறகு தம் பட்டுச் சால்வையைக் குழைக்காதருக்குப் போர்த்தினார். காக்கை எச்சமிட்ட பக்கத்தை மட்டும் கவனமாக உள்ளே மடித்து.