சித்துன்னு சொன்ன வாய்

கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு அம்மாக்காரி, தெய்வானைன்னு பேரு. அவளுக்கு ஒரே மக, பவளம். வயசு பன்னெண்டு. எங்க, "ம்" சத்தத்தையே காணோம்? ஆங், அப்படி.

அந்தப் பவளம் இருக்காளே, எவ்வளவு சிக்கு விழுந்த வலையா இருந்தாலும் மடியில போட்டு நாலு இழு இழுத்தான்னா சரசரன்னு பிரிஞ்சு வந்துடும். ஆனா அந்த ஊர்ல ஒரு கட்டுப்பாடு. விளக்கு வைக்கிற நேரத்துல யாரையும் பார்த்து 'சித்து'ன்னு சொல்லவே கூடாது. சித்துன்னா என்னன்னு கேக்குறியா? பாடுபடாம, நினைச்ச மாத்திரத்துல நடத்திக் காட்டுறது. வெறுங்கையில விபூதி வரவழைக்கிறது, மண்ணைச் சக்கரையாக்குறது. நாம என்னடான்னா, பல்லாங்குழி ஜெயிச்சாக்கூட 'சித்து வேலை காட்டுறா'ன்னு சும்மா சொல்லிடுவோம். அங்க சொன்னா, கடலுக்குள்ள இருக்குற ஒண்ணு காதுல வாங்கிக்கிட்டு வந்து ஆளைக் கூட்டிட்டுப் போயிடும். அதனால புள்ளையை யாராவது மெச்சுனா, "அது கெடக்குது மண்ணாங்கட்டி"ன்னுதான் பெத்தவ சொல்லணும்.

அப்போ ஒரு நாளு, பொழுது சாஞ்சு விளக்கு வைக்கிற நேரம். பக்கத்து வீட்டு ராக்கம்மா, பவளம் வலை பிரிக்கிறதைப் பார்த்து, "என்னாடி கை இது!"ன்னு வாயைப் பொளந்தா. தெய்வானைக்குப் பெருமை தாங்கல. "என் மக கையில சித்து இருக்குடி"ன்னுட்டா. சொன்ன வாயை அப்பவே பொத்துனா. பொத்தி என்ன செய்ய, சொன்னது சொன்னதுதானே?

மறுநாள் விளக்கு வச்சதும், சளக்... சளக்... வாசல்ல ஈரக்காலு. உசரமா ஒரு உருவம். மூஞ்சியே தெரியல, முழுக்க முடி.

"மூணு நாளு, மூணு சிக்கு. மூணையும் பிரிச்சா இவ சித்துக்காரி, என்கூட வரணும். பிரிக்கலேன்னா நீ சொன்னது பொய்யி, நீ வரணும்."

தொப்புன்னு ஒரு வலை வந்து விழுந்துச்சு. பூரா பாசி, முள்ளு. தெய்வானைக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பவளம் அம்மா மூஞ்சியைப் பார்த்தா. உக்காந்து பிரிச்சா. எதுக்குப் பிரிச்சா சொல்லு? அம்மாவைக் கொண்டு போயிடக் கூடாதே, அதுக்குத்தான்.

அப்புறம் ரெண்டாம் நாளு. சளக்... சளக்... தேங்காத் தண்டி முடிச்சு விழுந்த நங்கூரக் கயிறு. தொட்டா சில்லுன்னு எலும்பு வரைக்கும் ஏறுது. அதையும் பிரிச்சா. விரலெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. தூங்கிட்டியா? இல்ல? போர்வையை ஏன் மூக்கு வரைக்கும் இழுக்குற, நான் பக்கத்துலதானே இருக்கேன்.

மூணாம் நாளு தெய்வானை தாழ்ப்பாள் போட்டு, உரலைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தா. கடகடன்னு உரல் தானா உருண்டுச்சு, க்ரீச்சுன்னு கதவு தொறந்துச்சு. வெறுங்கையோட வந்துச்சு அது. வந்து, பவளத்து மடியில தலையை வச்சுப் படுத்துக்குச்சு.

"என் முடியைப் பிரி."

முடி பூரா சிப்பி, மீன் முள்ளு. உள்ள என்னென்னமோ நெளியுது. கண்ணீர் பொலபொலன்னு கொட்ட, பவளம் ஒவ்வொண்ணா பிரிச்சா. கடைசியா ஒரே ஒரு முடிச்சு. அதுல அவ விரலை வச்சா பாரு, தெய்வானை ஓடி வந்து விழுந்தா.

"விட்டுடுடி பவளம்! சித்தும் இல்ல ஒண்ணும் இல்ல, நான் பீத்திக்கிட்டேன். என்னைக் கொண்டு போ சாமி!"

அது மெதுவா எந்திரிச்சுது. பவளத்துக் கையைப் புடிச்சுத் தடவிப் பார்த்துச்சு. விரலெல்லாம் தழும்பு.

"இது என்ன?"

"நூலு அறுத்தது. அஞ்சு வயசுலேருந்து பிரிக்கிறா."

"இந்தப் புறங்கையில?"

தெய்வானை திரும்பி வாசலைப் பார்த்தா. சத்தம் கேட்டு ராக்கம்மா வந்து நிக்கிறா, ஊரே நிக்குது. சொல்லாம இருந்துடலாம். ஆனாலும் சொன்னா.

"நான் அடிச்சது. சிக்கு எடுக்கத் தெரியலேன்னு, வலை பின்னுற ஊசியால. ஒரு நா ரெண்டு நா இல்ல. அதை மறைச்சுத்தான் சித்துன்னு சொல்லிட்டேன்."

அது பவளத்துக் கையை விட்டுச்சு.

அப்புறம் அது சொல்லுச்சு: "சித்துக்காரிக்குத் தழும்பு இருக்காது. பொய் சொன்ன வாயைத்தான் கூட்டிட்டுப் போவேன், உண்மையைச் சொன்ன வாய் எனக்கு வேண்டாம்." சளக்... சளக்... போயே போச்சு.

தெய்வானை மகளைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. பவளம் சொன்னா, "அம்மா, அதெல்லாம் எனக்கு மட்டுந்தான் ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன்."

"எனக்கும் இருக்குடி"ன்னு சொல்லி அழுதா அம்மாக்காரி.

கதை கடலுக்குப் போச்சு, தூக்கம் கண்ணுக்கு வந்தாச்சு. மூடு கண்ணை.