ஏழாவது தகடு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் சவரிமுத்து. தினமும் காலையில் என்னோடு ஏரியைச் சுற்றி நடப்பவர். பொய் சொல்கிற ஆள் இல்லை. சந்தேகப்படுவது என் சுபாவம்.

ஐம்பதாவது வயதில், ஓசூரில் ஒரு பிரஸ் மெஷினில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். பிறகு செயற்கைப் பாதம் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். அங்கே தொழில் கற்றுத்தந்த மெஹருன்னிசா அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

கண்ணாடி இழைத் துணியை அச்சில் அடுக்கி மூடுவார்கள். தண்ணீர் போன்ற ஒரு திரவத்தைச் சூடாக உள்ளே செலுத்துவார்கள். சில நிமிடங்களில் அது இழைகளோடு சேர்ந்து நைலான் தகடாக இறுகிவிடும். வில் போல வளைந்து நிமிரும் அந்தத் தகடுதான் பாதத்துக்கு உயிர்.

தன் பாதத்துக்கான தகட்டைத் தானே செய்யப் பிடிவாதம் பிடித்தார் சவரிமுத்து. ஆறு தகடுகள் சோதனை மெஷினில் உடைந்தன. ஏழாவதுக்கு மட்டும் துணி இருந்தது. அதுவும் உடைந்தால் இந்த முயற்சியே வேண்டாம் என்றார் முதலாளி. பிறகு ஆயுளுக்கும் கட்டைப் பாதம்தான்.

“மேடம், ஒவ்வொரு தடவையும் பம்பு அழுத்தத்தைக் கூட்டிட்டேதான் இருக்கேன். இன்னும் எவ்வளவு கூட்டணும்?”

மெஹருன்னிசா உடைந்த தகடு ஒன்றை அறுத்துக் காட்டினார். மேலே பளபளப்பு. உள்ளே, இழைக் கற்றைகளின் நடுவில், நனையாத வெள்ளை.

“வேகமா தள்ளினதுல திரவம் தெரு வழியா ஓடிடுச்சுண்ணே. வீட்டுக்குள்ள போகலை.”

பிறகு ஒரு பருத்தி நாடாவின் நுனியைத் தன் டீ கிளாஸில் விட்டார். டீ மெல்ல நாடாவில் ஏறியது.

“யாரு தள்ளினது?”

“யாரும் தள்ளலையே.”

“ம்.”

“ஆனா மெதுவா விட்டா, உள்ள போறதுக்குள்ள இறுகிடுமே?”

“இறுகிடும்.”

“அப்ப எவ்வளவுதான் வைக்க?”

“ஒவ்வொண்ணு உடைஞ்சப்பவும் பயத்துல கொஞ்சம் கூட்டினீங்கல்ல? அதையெல்லாம் கழிச்சிடுங்க.”

“முதல் தகட்டுலயே பயந்துதான் வச்சேன்.”

“அதையும் கழிங்க.”

கழித்தார். நான்கு நிமிடத்தில் இறுகிவிடும். மூன்றாவது நிமிடம் வரை அச்சின் மறுமுனையிலிருந்த வெளிக்குழாயில் ஒன்றும் வரவில்லை. பம்பின் திருகுக்குப் போன கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து மெஷின் பிச்சாண்டி கத்தினான்: “அண்ணே, கோயில் பூசைக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க!”

குழாயில் குமிழிகள் வந்தன. பிறகு குமிழியே இல்லாமல் திரவம் வந்தது.

சோதனை மெஷின் இருபத்தைந்து நாள் அந்தத் தகட்டை ஓயாமல் மிதித்தது. அறுந்தது மெஷினின் பெல்ட்தான்.

சவரிமுத்து அந்தத் தகடு வைத்த பாதத்தை மாட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்கு ஓடினார். எல்லோரும் விசிலடித்தார்கள். “பஸ்ஸு போகுதுண்ணே, புடிங்க!” என்றான் பிச்சாண்டி. பிடித்தாராம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பவும் ஓடியே வந்தாராம்.

“மேடம், பாஸ்!”

“மெஷின் பாஸ் போட்டுடுச்சு. இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கு.”

“என்ன டெஸ்ட்?”

“அதை நான் நடத்த முடியாது. நீங்களும் கேட்டு வாங்க முடியாது.”

அது என்னவென்று இன்றுவரை தெரியவில்லை என்பார்.

நேற்றும் ஏரியைச் சுற்றினோம். பேன்ட், ஷூ போட்டு அவர் முன்னால்; மூச்சிரைக்க நான் பின்னால். அவருடைய ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்:

“அண்ணே, எந்தக் கால்?”