முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் அப்பா

பள்ளித் தாளாளர் சிதம்பரவேல் கையில் ஆண்டு விழா மைக் கிடைத்துவிட்டால் கண் கலங்கிவிடும். "இங்க படிக்கிற முந்நூத்திப் பன்னெண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் அப்பன்" என்பார். நல்ல மனுஷன்தான். யாராவது சால்வை போர்த்தினால் மட்டும் புத்தி தடுமாறிவிடும்.

அப்படிச் சால்வை போர்த்திப்போன கோச்சிங் சென்டர்காரருக்காக, கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"பிள்ளைக பேரு, லேப் யூசர்நேம், அப்பா நம்பர் எல்லாத்தையும் இன்னைக்கே அவருக்கு அனுப்பிரு."

"வீட்டு விவரத்தை வெளியாளுக்குக் கொடுக்கலாமா சார்?"

"முடியாதுன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத."

"அய்யோ, ஒரு கட்டம் விடாம நிரப்பி அனுப்பிருதேன் சார்."

மறுநாள் காலையிலிருந்து தாளாளரின் போன் ஓயவில்லை. "சார், உங்க பையன் மாடசாமியை டாக்டராக்கலாமா?" "உங்க பொண்ணு பேச்சியம்மாளுக்குச் சலுகை இருக்கு சார்!" மத்தியானம் ஒரு அழைப்பை அவர் மனைவி எடுத்துவிட்டார். "யாருங்க அந்தப் பேச்சியம்மா?"

தாளாளர் சாப்பிட்ட கையோடு லேபுக்கு ஓடி வந்தார். "எல்லாப் பேருக்கும் என் நம்பரைப் போட்டிருக்கியே!"

"அனுப்பின யூசர்நேம் இனி எதுவும் செல்லாது சார், எல்லாத்தையும் நேத்தே மாத்திட்டேன். அப்பா நம்பர்னு ஒரு கட்டம் இருந்துச்சு. முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும் அப்பன் நீங்கதானே? விழாவுல நானும் கைதட்டினேனே."

தாளாளர் வாயைத் திறப்பதற்குள் போன் மறுபடி அடித்தது. இசக்கியம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்தார்.

"ஆமாய்யா, பேச்சியம்மா எம் பொண்ணுதான். எம் பொண்ணு விவரம் உனக்கு எதுக்கு?"