நூறு பெட்டி முதலாளி

ரப்பர் தோட்டத்து முதலாளி ஞானசிகாமணிக்குத் தேனீ வளர்க்கும் ஆசை வந்ததுதான் தாமதம், நூறு பெட்டி செய்து தோட்டமெங்கும் நிறுத்திவிட்டார். மரப்பொந்துகளில் தேனீ பிடித்துப் பெட்டியில் குடிவைக்கிற தங்கபாய் மலைத்துப்போனாள்.

“புதுசா தொடங்குறவங்களுக்கு ரெண்டு போதும் முதலாளி. வாரம் ஒருக்கா தெறந்து பாக்கணும். பாத்துப் படிச்ச பெறவு கூட்டலாம்.”

“ரெண்டா? ஊரே சிரிக்கும்! வெள்ளிக்கிழமைக்குள்ள நூறும் நெறையணும். பாக்குறதுக்கு நான் இருக்கேன்.”

“முதலாளியே பாக்கும்போ எனக்கென்ன கவலை?” என்று அவள் கிளம்பினாள்.

மூன்று மாதமாக முதலாளி வருவோர் போவோரிடமெல்லாம், “நூறையும் வாரம் தவறாம நானே தெறந்து பாக்குறேன்” என்று அளந்தார். தேனெடுக்கும் நாளில் ஊரைக் கூட்டி, முதல் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லி. அடுத்ததில் எறும்பு. மூன்றாவதில் அதுகூட இல்லை.

“இவ ஏமாத்திட்டா!” என்று தங்கபாயை நோக்கி விரலை நீட்டினார்.

“ரெண்டுலதான் தேனீ வச்சேன். ரெண்டுலயும் தேன் நெறஞ்சு கெடக்கு. வாரா வாரம் தெறந்து பாத்தவருல்லா, அது எந்த ரெண்டுன்னு முதலாளியே காட்டிக் குடுங்க.”

நீட்டிய விரல் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.