கொதிநீரில் கசந்த பச்சைக் கொழுந்து

முன்னொரு காலத்திலே சங்குத்துறை என்கிற கடலோர நாட்டை மகரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட ஆணையை மாலையில் மாற்றுவான். இரண்டுக்கும் நடுவே கிடந்து அல்லாடுவது மந்திரி அம்பலவாணர். ராஜாவின் அப்பன் காலத்திலிருந்தே இதே பாடு. மனுஷர் அலுத்துப்போயிருந்தார்.

ஒருநாள் சீனத்துக் கப்பல்காரர் ஒருவர் ராஜாவுக்கு இரண்டு வகைத் தேயிலை கொடுத்தார். ஒன்று அந்த வருஷத்து வசந்தத்தில் கிள்ளிய பச்சைக் கொழுந்து. மற்றது அச்சில் அழுத்தி, பல வருஷம் கிடப்பில் போட்டுக் கறுத்துப்போன வில்லை. பார்க்க வறட்டி மாதிரி இருந்தது.

"இதில் எது உசத்தி?" என்றான் ராஜா.

பண்டகசாலை அதிகாரி பூவராகன் முந்திக்கொண்டான். மந்திரி பதவிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். "பச்சைதான் மகாராஜா. பழசு என்றைக்கும் பழசுதான். தேயிலையானாலும் சரி, அரண்மனை ஆட்களானாலும் சரி."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "நாளைச் சபையில் இரண்டையும் குடித்துப் பார்ப்போம். பச்சை ஜெயித்தால் அரண்மனையில் நரைத்த தலை ஒன்றும் இருக்கக்கூடாது. மடைப்பள்ளி முதல் மந்திரி வரைக்கும்."

பழசு தோற்றால் நல்லதாயிற்றே என்றுதான் அம்பலவாணருக்கு முதலில் தோன்றியது. வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் வாசல் காக்கும் மாடக்கோனுக்குப் போக வீடு இல்லை. சமையற்கட்டுச் செம்பாயிக்கு நாதியே இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார். எந்த இலைக்கு எப்படி நீர் ஊற்றுவது என்று கப்பல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் சபையில், "பூவராகரே தம் கையால் தேநீர் போடட்டும் மகாராஜா. பிறகு என்மேல் பழி வராது" என்றார்.

பூவராகன் தளதளவென்று கொதிக்கும் நீரை இரண்டிலும் ஊற்றி ஊறவிட்டான். பச்சையைக் குடித்த ராஜாவின் முகம் கோணிற்று. "வேப்பங்காய்." கறுப்பைக் குடித்தான். "இது மழை ஓய்ந்த தோப்பு மாதிரி மணக்கிறது. தொண்டையில் இதமாக இறங்குகிறது."

பூவராகன் பதறினான். "சீனாக்காரன் ஏமாற்றிவிட்டான். தண்ணீர் சரியில்லை. இல்லை, இது மந்திரியின் சூது."

"கொதிநீர் பட்டதும் கசந்தது இலை மட்டுமில்லை போலிருக்கிறது" என்றார் அம்பலவாணர். சபை சிரித்தது.

பிறகு நீரைக் கொஞ்சம் ஆறவைத்து, புதுக் கொழுந்தில் ஊற்றி, சீக்கிரமே வடித்துக் கொடுத்தார். வறுத்த பயறின் வாசம். நுனிநாக்கில் தித்திப்பு. ராஜா கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுவும் உசத்திதானே?"

"உசத்திதான் மகாராஜா. இளசைப் பக்குவமாக நடத்தவேண்டும். பழசு கொதிப்பைத் தாங்கும். அரண்மனைக்கு இரண்டும் வேண்டும்."

"யாரும் எங்கும் போகவேண்டாம்" என்றான் ராஜா. "பூவராகா, இனி நரைத்த தலைகளுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுப்பது உன் வேலை. மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"ஓய்வு, மகாராஜா."

ராஜா கறுப்புத் தேநீரைக் காட்டினான். "இந்த இலையில் இன்னும் எத்தனை தடவை நீர் ஊற்றலாம்?"

அலுப்பில் அம்பலவாணர் உண்மையைச் சொல்லிவிட்டார். "பல தடவை ஊற்றலாம். ஊற்ற ஊற்றத்தான் ருசி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படியானால் நாளைக்குச் சீக்கிரம் வாரும்" என்றான் ராஜா.

அம்பலவாணர் சபை நடுவிலேயே உட்கார்ந்தார்.

"பூவராகரே, எனக்கு ஒரு கிண்ணம் கொடும். கறுப்பு."