கைதட்டல் படம்

டெங்கு ஒழிப்பு மாநாட்டில் துணை இயக்குநர் ஞானசுந்தரம் காலை முழுக்க முழங்கியும் ஒரு ஆள் கைதட்டவில்லை. டீ இடைவேளையில் போட்டோகிராபர் பாக்கியநாதனைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், மத்தியானம் நான் பேசும்போது மொத்தக் கூட்டமும் கைதட்டுற மாதிரி ஒரு படம் வேணும். இல்லேன்னா நாளையிலேருந்து இந்தப் பக்கம் தலைகாட்டாதே.”

“எடுத்திடலாம் அய்யா. வெளிச்சம்தான் பத்தலை. பின்பக்க ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்லுங்க.”

அவரே ஆள் விட்டுத் திறக்கவைத்தார். ஜன்னலுக்கு வெளியே மண்டபத்தின் தண்ணீர்த் தொட்டி, மூடியில்லாமல் கிடந்தது. அதை மூடச் சொல்லி இதே அய்யாவிடம் பாக்கியநாதன் மூன்று தரம் மனுக் கொடுத்திருந்தார். தொட்டியை ஒட்டித்தான் அவர் வீடு. மனைவி இப்போது காய்ச்சல் வார்டில் கிடந்தாள்.

மத்தியானம் அய்யா பேசினார். கூட்டமே படபடவென்று தட்டியது. பாக்கியநாதன் எடுத்துத் தள்ளினார்.

அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு ஆபீஸ் வாசலில் மாட்டினார் அய்யா. அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்த சென்னைச் செயலாளர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“கைதட்டுறாங்க, சரி. ஒருத்தர்கூட உங்களைப் பார்க்கலையே? எல்லாரும் காத்தைப் பார்த்துல்ல தட்டுறாங்க?”

படமெடுக்க வந்திருந்த பாக்கியநாதன்தான் பணிவாகச் சொன்னார்: “கொசு அடிக்கிறாங்க அய்யா. மண்டபத்துத் தொட்டி இன்னும் திறந்துதான் கிடக்கு.”

செயலாளர் முகம் கடுத்தது. அன்றைக்கே உத்தரவு போட்டார்: அடுத்த மாநாட்டை ஜன்னலே இல்லாத ஏசி ஹாலில்தான் நடத்த வேண்டும்.